பட்டறைப் பக்கம்: பெல்ட்டை மாற்றும் முன் புல்லியைப் பாருங்கள்

பழைய கார்களின் ஃபேன் பெல்ட், ஏ.சி. பெல்ட், டைமிங் பெல்ட் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான கடிதங்களில் ஒரே குறைதான்: புது பெல்ட் போட்டும் சத்தம் போகவில்லை, அல்லது சீக்கிரமே அறுந்துவிட்டது. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800, ஏ.சி. உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிரீச் என்று கத்துகிறது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மழை நாளில் இன்னும் அதிகம். பெல்ட்டை இறுக்கிக் கொடுத்தால் பத்து நாள் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி. பெல்ட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். புது பெல்ட்டை நானே மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் காலையில் மட்டும் ஏன் கத்துகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய கரன்ட் இழுத்துவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முழு மூச்சாகச் சார்ஜ் ஏற்றும். அப்போது அதைச் சுற்றுவதற்கு அதிக பலம் தேவை. பெல்ட்டுக்குப் பிடிமானம் போதாவிட்டால் வழுக்கும், வழுக்கும்போது கத்தும். பேட்டரி கொஞ்சம் தேறியதும் பாரம் குறைந்து சத்தம் அடங்கிவிடும். மழையில் பெல்ட் நனைந்தால் வழுக்கல் கூடுவதும் இந்தப் பிடிமானக் குறைவால்தான்.

ஆங்கில ‘வி’ போல அடி குறுகிய வி பெல்ட் தன் இரண்டு பக்கச் சுவர்களால்தான் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரத்தைப் பிடிக்கிறது, அடிப்பாகத்தால் அல்ல. பலமுறை வழுக்கிய பெல்ட்டின் பக்கங்கள் சூட்டில் இறுகிக் கண்ணாடி போல மினுமினுக்கும். அப்படி ஆன பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பத்து நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அதற்குள் இறுக்கிய பாரமெல்லாம் ஆல்டர்னேட்டர் பேரிங்கிலும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும் போய் விழும். உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஃபேன் பெல்ட் என்று நாம் சொன்னாலும் 800-இல் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றுவது தனி மின் மோட்டார். இந்த பெல்ட் சுற்றுவது வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும். ஆகவே பெல்ட் அறுந்தாலும் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், தண்ணீர்தான் ஓடாது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை 10-ஆம் எண் ஸ்பேனரால் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். ஆல்டர்னேட்டருக்கு பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த ஒயரில் எப்போதும் கரன்ட் இருக்கும். ஸ்பேனர் அதில் பட்டு பாடியில் உரசினால் நெருப்புப் பொறி பறக்கும்.

வெளிப்பக்கம் இருக்கும் பெல்ட்டைக் கழற்றாமல் உள்பக்கத்து பெல்ட் வெளியே வராது. ஏ.சி. பெல்ட் முன்னால் நின்றால் அதை முதலில் தளர்த்தி எடுங்கள். எப்படியும் இரண்டையும் கழற்றத்தான் போகிறீர்கள். இரண்டும் ஒரே வயது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது, ஒரே வேலைக்கு இரண்டு முறை குனிய வேண்டாம்.

ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்களில் ஒன்று அது அசைவதற்கான அச்சு போல்ட், இன்னொன்று நீள்துளை உள்ள பட்டையில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட். பெரும்பாலும் 12, 14 எண் ஸ்பேனர்கள் போதும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். இரண்டையும் அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்றத் தேவையில்லை. ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தொய்ந்து கையோடு வந்துவிடும். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அளவு பார்க்க வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான இடம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவதால்தான் புது பெல்ட்டும் கத்துகிறது. பெல்ட் இல்லாத இந்த நிலையில் ஒவ்வொரு புல்லியையும் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் இரண்டு சுவர்களும் நேராகச் சரிந்து இறங்க வேண்டும். நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் நடுவில் குழிந்திருக்கக் கூடாது. பள்ளத்தின் அடிப்பாகம் மங்கலாகவோ துருவோடோ இருந்தால் நல்லது. அடிப்பாகம் பளபளவென்று தேய்ந்து மின்னினால், பெல்ட் உள்ளே இறங்கி அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் தேய்ந்து ஒல்லியாகியிருக்கலாம், அல்லது புல்லியே தேய்ந்திருக்கலாம். புது பெல்ட்டை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் மேல்பாகம் புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் மேலாகவோ நின்றால் புல்லி நன்றாக இருக்கிறது. உள்ளே இறங்கிவிட்டால் புல்லியைத்தான் மாற்ற வேண்டும். அந்தப் புல்லியில் எத்தனை பெல்ட் போட்டாலும் வழுக்கும்.

அடுத்து ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகர என்ற உணர்வு விரலில் தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. வாட்டர் பம்ப் புல்லியை மேலும் கீழுமாக ஆட்டுங்கள், துளியும் ஆடக் கூடாது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ கறை படிந்திருந்தால் பம்ப் சீல் கசிகிறது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றி பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தால் முன்பக்க ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகி, கொஞ்ச நாளில் பிய்ந்துவிடும். கசிவை நிறுத்தாமல் பெல்ட் வாங்குவது வீண் செலவு.

புல்லிப் பள்ளத்தில் பிசுக்கும் ரப்பர் தூளும் ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். எமரித் தாள் போட்டுச் சுரண்டாதீர்கள். சொரசொரப்பான புல்லி புது பெல்ட்டை அரம் போல அராவித் தின்றுவிடும்.

புது பெல்ட்டை கிராங்க் புல்லியிலும் வாட்டர் பம்பிலும் முதலில் உட்கார வைத்து, கடைசியாக ஆல்டர்னேட்டரில் ஏற்றுங்கள். ஏறவில்லையென்றால் ஆல்டர்னேட்டரை இன்னும் உள்ளே தள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அச்சு போல்ட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பி ஏற்றவே கூடாது. பெல்ட்டின் பலம் உள்ளே ஓடும் நூல் கயிறுகளில் இருக்கிறது. நெம்பும்போது அவற்றில் இரண்டு மூன்று அறுந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து பெல்ட் முறுக்கிக்கொண்டு புரண்டு விழும்.

இறுக்குவதற்கு ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கமாக நெம்ப வேண்டும். மரக்கட்டை அல்லது சுத்தியல் கைப்பிடியை அதன் முன்பக்கத் தடித்த பாகத்தில் கொடுத்து நெம்புங்கள். நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினிய உடம்பில் கடப்பாரை கொடுத்தால் விரிசல் விடும். போதுமான இறுக்கம் வந்ததும் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு அச்சு போல்ட்டை இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம்? இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் 10 கிலோ பலத்தில் அழுத்தினால் 800-இல் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை உள்வாங்க வேண்டும். புது பெல்ட்டுக்கு 6 பக்கமாகவே வையுங்கள், அது கொஞ்சம் தளரும். 10 கிலோ பலம் என்றால் எவ்வளவு என்று தெரியவில்லையா? எடை பார்க்கும் மிஷினில் கட்டைவிரலை ஊன்றி, முள் 10-ஐத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். கைக்கு அளவு பிடிபட்டுவிடும். நாம் நினைப்பதைவிட அது அதிகப் பலம்தான்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பேனர், துணி எதுவும் உள்ளே கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருபது நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, ஆறியதும் இறுக்கத்தை மறுபடி அளந்து பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. இந்த இரண்டு சோதனையையும் விட்டுவிட்டால் போட்ட உழைப்பில் பாதி போச்சு. மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி முனைகளில் வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் பக்கமாகவும், கொஞ்சம் ரேஸ் கொடுக்கும்போது 13.8 முதல் 14.5 வரையும் காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட பிறகு 13-க்குக் கீழே இறங்கினால் பெல்ட் இன்னும் வழுக்குகிறது, இல்லை ஆல்டர்னேட்டரிலேயே கோளாறு.

கேள்வி: பெல்ட் கத்தினால் குளிக்கும் சோப்பைத் தேய்த்தால் நின்றுவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, அலங்காநல்லூர்

பதில்: வேண்டாம். சத்தம் அடங்கும், வழுக்கல் அடங்காது. சோப்பு காய்ந்ததும் புல்லிப் பள்ளத்தில் படலமாக ஒட்டி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெழுகுவர்த்தி, தேங்காய் எண்ணெய், ஸ்ப்ரே எல்லாம் இதே கதைதான். அரிசி மில்லில் தட்டை பெல்ட்டுக்குக் குங்கிலியம் போடுவதைப் பார்த்து கார் பெல்ட்டுக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பெல்ட்டின் அமைப்பு வேறு, இது வேறு. ஏற்கெனவே சோப்பு தேய்த்திருந்தால் புல்லிகளை நன்றாகத் துடைத்த பிறகே புது பெல்ட் போடுங்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். ஃபேன் பெல்ட் அறுந்து ரோட்டிலேயே எங்கோ விழுந்துவிட்டது. கடைக்குப் போனால் ஆளுக்கு ஒரு பெல்ட்டை நீட்டுகிறார்கள். ஒருவர் மோட்டார் பம்புசெட் பெல்ட்டே போதும் என்கிறார். அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: பம்புசெட் பெல்ட்டை வாங்காதீர்கள். மோட்டாருக்கும் மில்லுக்கும் வரும் ஏ செக்‌ஷன் பெல்ட் 13 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிமனும் உள்ளது, மேலே துணி சுற்றியிருக்கும். பெரிய புல்லிகளில் திறந்த வெளியில் ஓடுவதற்கு ஏற்றது. பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக இருக்கும் டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டின் புல்லிகளும் சின்னவை. அந்தத் தடித்த பெல்ட் அவ்வளவு சின்ன வட்டத்தில் வளைந்து வளைந்து தனக்குள்ளேயே சூடாகும், அதோடு பானெட்டுக்குள் இருக்கும் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும். கார் பெல்ட்டின் அடியில் பல் பல்லாக வெட்டியிருப்பது சின்னப் புல்லியில் எளிதாக வளைவதற்காகத்தான். நீளக் கணக்கும் வேறு. ‘ஏ 34’ என்றால் உட்சுற்று 34 அங்குலம். கார் பெல்ட்டில் எழுதியிருப்பது வெளிச்சுற்று, மில்லிமீட்டரில்.

கார் வி பெல்ட்டின் முதுகில் ‘ஏவிஎக்ஸ் 10 x 875’ என்பது போல எழுதியிருக்கும். 10 என்பது மேல் அகலம், 875 என்பது வெளிச்சுற்று நீளம், இரண்டும் மி.மீ. அகலம் 10, 13 என்ற இரண்டு வகைதான் கார்களில் பரவலாக வரும். எழுத்து அழிந்துபோயிருந்தால் தையல்காரர் டேப்பைப் பழைய பெல்ட்டின் முதுகைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்ளலாம். ஓடிய பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும் என்பதால் வந்த அளவைவிட 5 மி.மீ. வரை குறைவானதைக் கேளுங்கள்.

உங்களிடம் பழைய பெல்ட்டே இல்லை. டைனமோவை இன்ஜின் பக்கம் முழுக்கத் தள்ளி, அங்கிருந்து நீள்துளையில் மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து நிறுத்துங்கள். நீளாத மெல்லிய கயிறு ஒன்றைப் பள்ளத்துக்குள் இறங்கவிடாமல், எல்லாப் புல்லிகளின் விளிம்போடு சுற்றி, சேரும் இடத்தில் மையால் குறியிடுங்கள். அந்த நீளம்தான் உங்கள் வெளிச்சுற்று. அகலத்துக்கு, புல்லிப் பள்ளத்தின் வாயை ஸ்கேலால் அளந்தால் போதும்.

வி பெல்ட் உற்பத்தியில் மதுரைக்கே பெயர் உண்டு. கோச்சடையில் ஃபென்னர் ஆலை இருக்கிறது. அதனால் அளவைச் சரியாகக் கேட்டால் பழைய மாடலுக்கும் நம்மூர்க் கடைகளில் பெல்ட் கிடைப்பது சிரமமில்லை. வாங்கும்போது எழுத்து தெளிவாக இருக்கிறதா, விரலால் தேய்த்தால் மை கையோடு வருகிறதா, பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்தால் பல்லுக்கு நடுவில் நுண்ணிய வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கடையில் வெயில் படும் ஆணியில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய பெல்ட், ஓடாமலேயே கெட்டுப்போயிருக்கும்.

கேள்வி: டீசல் அம்பாசிடர். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்ததிலிருந்து ஃபேன் பெல்ட் நிற்பதே இல்லை. ஒரு வருடத்தில் மூன்று பெல்ட். ஒரு பக்கம் மட்டும் நார் நாராகப் பிய்ந்து வருகிறது. நல்ல கம்பெனி பெல்ட்தான் போடுகிறோம்.
– வாசகர், மேலூர்

பதில்: பெல்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் பிய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டரை உட்கார வைக்க லேத் பட்டறையில் பிராக்கெட் வெட்டிக் கொடுப்பார்கள். போல்ட் துளை சரியாகப் பொருந்தியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் ஆல்டர்னேட்டர் புல்லி முன்னே பின்னே சில மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே போதும். பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்துக்குள் சாய்வாக நுழைந்து ஒரு சுவரை உரசும்.

நேரான இரும்பு ஸ்கேல் அல்லது வளையாத அலுமினியப் பட்டை ஒன்றை கிராங்க் புல்லியின் முகத்தோடு ஒட்டி வைத்து, ஆல்டர்னேட்டர் வரை நீட்டிப் பாருங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் ஒன்றுபோல் இல்லாவிட்டால் முகத்தை நம்பாமல் பள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். 30 செ.மீ. தூரத்துக்கு 2.5 மி.மீ.க்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. இருந்தால் ஆல்டர்னேட்டரின் போல்ட் துளை உள்ள காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வாஷர் கொடுத்து நகர்த்துங்கள், அல்லது எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்து ஸ்பேசரை லேத்தில் கடைந்து குறைக்கச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: முன்னே பின்னே தள்ளி நிற்பது ஒரு வகை, புல்லி சாய்ந்து நிற்பது இன்னொரு வகை. சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் மெல்லிய தகட்டில் செய்த பிராக்கெட். நிற்கும்போது நேராக இருக்கும், பெல்ட்டை இறுக்கியதும் வளைந்துவிடும். ஆகவே பெல்ட்டை இறுக்கிய நிலையிலேயே ஸ்கேலை வையுங்கள். வளைகிறதென்றால் வாஷரால் தீராது, 8 மி.மீ. தகட்டில் புது பிராக்கெட்தான்.

இன்னும் ஒன்று. ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லியின் பள்ள அகலம் கிராங்க் புல்லியோடு ஒத்திருக்கிறதா? ஒன்று 10, இன்னொன்று 13 என்றிருந்தால் எந்த பெல்ட்டும் இரண்டிலும் சரியாக உட்காராது.

உங்கள் வண்டியில் ஃபேன் வாட்டர் பம்ப் அச்சிலேயே இருந்தால், பெல்ட்டைக் கழற்றியதும் ஃபேன் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்ப் பேரிங் போய்விட்டது. அது முற்றினால் ஃபேன் இலை ரேடியேட்டரையே கிழித்துவிடும். பெல்ட் மாட்டும்போது ஒவ்வொரு இலையாகத் தாண்டி உள்ளே விட வேண்டியிருக்கும், அவசரப்படாதீர்கள். குவாரி லாரி ஓடும் ரோட்டில்தான் உங்கள் வண்டியும் ஓடுகிறது என்றால் கல் தூசியும் ஒரு காரணம். மாதம் ஒருமுறை பள்ளங்களைத் துடைத்தால் நல்லது.

டைனமோவையே வைத்திருக்கும் அம்பாசிடர் வாசகர்களுக்கு: பெல்ட் பார்க்கும்போதெல்லாம் டைனமோவின் பின்பக்கத்து எண்ணெய்த் துளையில் இரண்டு மூன்று சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் உள்ளே கம்யூட்டேட்டரில் வழிந்து சார்ஜைக் கெடுக்கும்.

கேள்வி: ஏ.சி. கம்ப்ரசர் இறுகிவிட்டது, பெல்ட்டிலிருந்து புகை வருகிறது. இப்போதைக்குச் சரி செய்யப் பணமில்லை. ஏ.சி. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?
– வாசகர், விளாங்குடி

பதில்: ஏ.சி.க்குத் தனி பெல்ட் இருந்தால் கழற்றிவிட்டு ஓட்டலாம், இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. அதே பெல்ட் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றினால் முடியாது. ஆனால் முதலில் ஒரு சோதனை: ஏ.சி. சுவிட்ச் போடாதபோதும் புகை வருகிறதா? அப்படியானால் கம்ப்ரசர் நன்றாகவே இருக்கலாம். ஏ.சி. போடும்போது மட்டும் கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கும் கிளச் புல்லிக்குள் இருக்கும் பேரிங் மட்டும் இறுகியிருக்கும். அதை மட்டும் மாற்றினால் செலவு மிகவும் குறைவு.

கேள்வி: 2009 மாடல் கார். நீளவாக்கில் கோடு கோடாக இருக்கும் தட்டை பெல்ட். 80,000 கி.மீ. ஓடிவிட்டது. வெடிப்பே இல்லை. ஆனால் ஐடிலில் சிட்டுக்குருவி போல விட்டுவிட்டுக் கத்துகிறது.
– வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: முன்பு வந்த நியோப்ரீன் பெல்ட்கள் வயதானால் வெடிக்கும். பிறகு வந்த இ.பி.டி.எம். ரப்பர் சுலபத்தில் வெடிக்காது, டயர் மாதிரி தேய்ந்துகொண்டே போகும். அதனால் வெடிப்பு இல்லை என்பதை வைத்து பெல்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. புது பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதில் வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் ஆங்கில ‘வி’ போல இருக்கும், தேய்ந்ததில் அகன்று ‘யு’ போல ஆகியிருக்கும்.

சத்தத்துக்கு ஒரு சோதனை. இன்ஜின் ஓடும்போது, கையையும் துப்பட்டாவையும் தூரமாக வைத்துக்கொண்டு, ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இந்த வகையில் நேர்கோடு இன்னும் கறாராக இருக்க வேண்டும், 30 செ.மீ.க்கு ஒன்றரை மி.மீ. விலகினாலே கத்தும். பெல்ட்டின் எண் ‘4பிகே 813’ போல இருக்கும்: நான்கு வரி, 813 மி.மீ. நீளம். மாட்டிய பிறகு எல்லாப் புல்லியிலும் ஒரு வரிகூட வெளியே தள்ளி நிற்கவில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: பழைய டாடா இண்டிகா டீசல் வாங்கினேன். விற்றவர் ‘பெல்ட் எல்லாம் மாற்றியாச்சு’ என்றார். டைமிங் பெல்ட்டும் அதில் அடக்கமா? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். ஃபேன் பெல்ட் வெளியே தெரியும், கத்தி எச்சரிக்கும், அறுந்தாலும் உடனே நிறுத்திவிட்டால் இன்ஜின் தப்பிக்கும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றும் டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கும், பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் தராது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்திருக்கும் வால்வுகள் வளையும், சில சமயம் கேம் ஷாஃப்ட் உடையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

மேல் மூடியைக் கழற்றிப் பார்த்து பெல்ட் நன்றாக இருக்கிறது என்று திருப்தி அடையாதீர்கள். அதன் பல் வேரில் வரும் வெடிப்பு மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பெல்ட்டோடு டென்ஷனரும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி இருந்தால் அதுவும் ஒரே நேரத்தில் மாறட்டும். பழைய டென்ஷனர் பேரிங் இறுகிப் புது பெல்ட்டை அறுப்பது அடிக்கடி நடப்பது.

இந்த வேலையை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். டைமிங் குறிகளைப் பொருத்துவதற்கான பூட்டுக் கம்பிகள் உள்ள பட்டறையில் கொடுங்கள். முடிந்ததும் கிராங்க்கை ஸ்பேனரால், ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருவதைக் காட்டச் சொல்லுங்கள். கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து எப்போது மாற்றுவது என்பதற்கு உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் வண்டிக்கு ஆண்டுக் கணக்குத்தான் முந்தும்.

கேள்வி: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பெல்ட் அறுந்தால் என்ன செய்வது? கயிறு கட்டி ஓட்டலாம் என்கிறார்களே? பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? கழற்றிய பழைய பெல்ட்டை ஸ்பேராக வைக்கலாமா?
– வாசகர், நிலக்கோட்டை

பதில்: டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்ததும் வெப்ப முள்ளைப் பாருங்கள். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால், ஏற்றத்தில் சில நிமிடங்களிலேயே முள் ஏறிவிடும். அகலமான இடம் கண்ணில் பட்டதும் ஒதுக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஏறிய முள் தானாக இறங்கினால் நல்ல அறிகுறி என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகி, சென்சார் காற்றில் நிற்கும்போதும் முள் இறங்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தம் விலகியதும் உள்ளே இருக்கும் தண்ணீர் அப்படியே கொதித்து முகத்தில் பாயும். முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வரலாம் என்ற யோசனையும் வேண்டாம். இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கின் பூஸ்டர் உதவி போய்விடும், பெடல் கல்லாக இறுகும். சில டீசல் வண்டிகளில் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கிறது. அவற்றில் இன்ஜின் ஓடினாலும் பெல்ட் இல்லாவிட்டால் அந்த உதவி கிடைக்காது.

நைலான் கயிறு புல்லியில் வழுக்கி உருகும், முடிச்சு சுற்றிச் சுற்றி ஒயர்களை அடித்துக் கிழிக்கும். அதை நம்பி மலை ஏறாதீர்கள். பையில் ஒரு பெல்ட் இருந்தால் அரை மணி நேர வேலைதான் இது. உங்கள் வண்டிக்குப் பொருந்திய புது பெல்ட் ஒன்று, 10, 12, 14 ஸ்பேனர்கள், அம்பாசிடர் என்றால் அதற்குரிய அங்குல ஸ்பேனர்கள், அரை முழ மரக்கட்டை, டார்ச், ஐந்து லிட்டர் தண்ணீர், கையுறை போதும். ஸ்பேர் பெல்ட் வாங்கியதும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். அளவு தவறு என்று மலையில் தெரிந்து பயனில்லை.

கழற்றிய பழைய பெல்ட்டை ஸ்பேராக வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெடிப்பும் மினுமினுப்பும் இல்லாத, முன்கூட்டியே மாற்றிய பெல்ட் என்றால் வைக்கலாம். எதுவானாலும் மடக்கி ரப்பர் பேண்ட் போடாதீர்கள், மடித்த இடத்தில் நூல் ஒடியும். பெரிய வளையமாகவே விட்டு, கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாங்கிய மாதத்தை எழுதி, கிரீஸ் டப்பாவும் ஆயில் கேனும் இல்லாத பக்கமாக ஸ்டெப்னி டயருக்குள் வையுங்கள்.